பூட்டியாச்சா?

என் தம்பி அன்றைக்குக் குடித்திருக்கவில்லை.

அதை முதலில் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்ல வேண்டும். என்ன நடந்தது என்று ஒரு வார்த்தை கேட்காமலே, "குடிச்சுட்டு மெஷின்ல கையை விட்டுட்டான்" என்று முடிவு கட்டியவர்கள் எங்கள் தெருவில் நிறைய. அவர்களில் முதல் ஆள் அவன் மனைவியின் அண்ணன். ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று நாலு பேர் காதில் விழும்படி ஆரம்பித்து வைத்தவர் அவர்தான்.

நான் அவனுக்கு அண்ணன். வயது அறுபத்தேழு. நடந்தபோது அங்கே இருந்தேன். இருந்தது நாங்கள் இரண்டு பேர் மட்டும்... அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தோம். ஒரு வேலை எத்தனை மணிக்குத் தொடங்கி எத்தனை மணிக்கு முடிகிறது என்று மரத்துண்டில் பென்சிலால் எழுதிவைப்பது என் வழக்கம். அன்று எழுதிய துண்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம்.

எங்களுடையது அப்பா காலத்து மரப்பட்டறை. கதவு, ஜன்னல், அலமாரி செய்கிறோம். போர்டில் இன்றும் அப்பா பெயர்தான். வேலையாட்கள் என்னைப் பெரியவர் என்பார்கள், தம்பியைச் சின்னவர் என்பார்கள். சின்னவருக்கே வயது ஐம்பத்து நாலு. ஒரு காலத்தில் அவன் குடித்தான். அதை நான் மறைக்கவில்லை. பதினோரு வருடத்துக்கு முன்பு நிறுத்தினான். அதற்குப் பிறகு ஒரு சொட்டு இல்லை. அதற்கு நான் பொறுப்பு.

நான்கு மாதத்துக்கு முன்பு பழைய இழைப்பு மெஷின் ஒன்று வாங்கினோம். மூடிவிட்ட ஒரு பட்டறையில் இருந்து வந்தது. பார்த்திராதவர்களுக்குச் சொல்கிறேன். அது ஒரு நீளமான இரும்பு மேசை. நடுவில் ஒரு பிளவு. பிளவுக்குள் ஓர் உருளை, உருளையில் மூன்று நீளக் கத்திகள். மேலே பலகையை வைத்துத் தள்ளினால் உருளை சுழன்று அடிப்பக்கத்தைச் சீவி நேராக்கும். கத்தி மழுங்கினால் மூன்றையும் கழற்றிவிட்டுப் புதியது போட வேண்டும். ஒவ்வொரு கத்தியையும் ஓர் இரும்பு ஆப்பு நெருக்கிப் பிடித்திருக்கும். ஆப்பை ஐந்து போல்ட் பிடித்திருக்கும். மூன்று கத்தியும் ஒரே உயரத்தில் நிற்க வேண்டும். தலைமுடி அளவு கூடினாலும் பலகையில் அலை அலையாகக் கோடு விழும். போல்ட் சரியாக இறுகாமல் ஓட்டினால் கத்தி வெளியே பறக்கும். துப்பாக்கிக் குண்டுக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

வாங்கும்போது கத்தி புதிதாகவே இருந்தது. விற்றவரே மாற்றிக் கொடுத்திருந்தார். ஆகவே அதில் நாங்கள் கத்தி மாற்றியது அன்றுதான் முதல் முறை.

ஞாயிற்றுக்கிழமை. வேலையாட்களுக்கு விடுமுறை. ஒரு பள்ளிக்கூடத்துக்கு ஐம்பத்திரண்டு கதவு செய்ய வேண்டும், திங்கள் காலை இழைப்பு தொடங்கியாக வேண்டும். ராத்திரி பன்னிரண்டு மணியை எதிர்பார்த்துப் படிப்பவர்கள் மன்னிக்கவும். நாங்கள் தொடங்கியபோது மணி மதியம் 1:40. நல்ல வெயில். கூரையில் பதித்திருந்த கண்ணாடி ஓடு வழியாக வெளிச்சம் நேராக மெஷின்மேல் விழுந்தது.

யாரும் வந்து தொந்தரவு செய்யாமல் இருக்க ஷட்டரை இறக்கினேன். சுவிட்ச் பலகையில் இருந்து மூன்று பியூஸ் கட்டைகளையும் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். அதோடு விடவில்லை. மோட்டாரையும் உருளையையும் இணைக்கும் பெல்ட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினேன். கையால் தள்ளினால் தவிர அந்த உருளை அசைய வழியே இல்லை. இதை இரண்டு முறை படித்துக்கொள்ளுங்கள்.

2:05. பழைய கத்திகள் வெளியே வந்தன. ஆப்புகளில் மரப்பிசின் கருப்பாக ஒட்டியிருந்தது. தம்பி பாலிஷுக்கு வைத்திருக்கும் ஸ்பிரிட்டில் துணியை நனைத்துத் துடைத்தான். பாட்டில் சரிந்து அவன் சட்டையிலும் கொட்டியது.

"ஏன்டா, சட்டைக்கும் பாலிஷ் போடுறியா?" என்றேன்.

"போட்டாலாவது நாலு பேரு பாப்பாங்கண்ணே" என்று சிரித்தான்.

2:25. முதல் கத்தி. அளவு பார்க்கும் முறை எளியது. நேரான ஒரு குச்சியை உருளைக்குப் பின்னால் உள்ள மேசையில் வைத்து, நுனி கத்தியின் மேலே நிற்கும்படி நீட்ட வேண்டும். உருளையைக் கையால் மெல்லத் திருப்பினால் கத்தி அந்தக் குச்சியைத் தொட்டு, கொஞ்சம் இழுத்துவிட்டுப் போகும். எவ்வளவு இழுக்கிறது என்பதுதான் கணக்கு. மூன்று மில்லிமீட்டர் வைத்தேன். இடது ஓரத்தில் மூன்று, வலது ஓரத்தில் மூன்று. நடு போல்ட்டில் தொடங்கி ஓரத்துக்குப் போய், இரண்டு சுற்று இறுக்கினேன். என் கையால் இறுக்கினேன்.

2:40.

"பூட்டியாச்சா?"

பிளைவுட் தட்டிக்குப் பின்னால் இருந்து கேட்டது. முடித்த கதவுகளை நிறுத்திவைக்கும் இடம் அது. எங்கள் தொழிலில் கழற்றியதைத் திரும்ப மாட்டி இறுக்குவதைப் பூட்டுவது என்போம். தம்பி தலையைத் தூக்காமலே பதில் சொன்னான்.

"இன்னும் ரெண்டு இருக்குண்ணே."

"என்ன ரெண்டு?"

"கத்திதான். நீங்கதானே கேட்டீங்க?"

"நான் எங்கடா கேட்டேன்? நீ ஏதோ கேட்டேன்னு நினைச்சேன்."

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். தம்பி ஸ்பேனரால் தலையைச் சொறிந்தான்.

"வயசாயிடுச்சுண்ணே உங்களுக்கு."

"உனக்குக் காது போச்சு."

அத்துடன் விட்டுவிட்டோம். தெருவில் யாராவது பேசியிருப்பார்கள்.

3:00. இரண்டாவது கத்தியைப் போட்டு அளவு பார்த்தேன். மூன்று மில்லிமீட்டர். சரி. ஒப்பிட்டுப் பார்க்க முதல் கத்தியிலும் குச்சியை வைத்தேன்.

ஏழு.

குனிந்து போல்ட்டைத் தொட்டேன். விரலால் திருகினால் திரும்பியது. ஐந்தும் அப்படியே.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "எதுக்குடா இதைத் தொட்ட?"

"நான் எங்க தொட்டேன்? நீங்கதானே இறுக்குனீங்க, என் கண்ணு முன்னாடி!"

"அப்ப நான் ஒழுங்கா இறுக்கலன்னு சொல்றியா? நாப்பது வருஷமா இறுக்குற கை இது!"

"நான் அப்படிச் சொல்லலண்ணே. தொடலன்னுதான் சொல்றேன்."

மறுபடி அளவு வைத்து மறுபடி இறுக்கினேன். இந்த முறை ஸ்பேனரின் கைப்பிடியில் என் முழு எடையையும் போட்டேன். உருளை திரும்பாமல் இருக்க ஒரு கட்டையை முட்டுக் கொடுத்தேன்.

3:20. தண்ணீர் குடிக்க ஷட்டர் பக்கம் போனோம். இரண்டு நிமிடம்கூட இருக்காது. திரும்பி வந்தபோது முட்டுக் கொடுத்த கட்டை தரையில் கிடந்தது. பத்தடி தள்ளி.

எடுத்துப் பார்த்தேன். அதன் ஒரு பக்கம் வழவழவென்று சீவப்பட்டிருந்தது.

பின் மேசையில் ஒரு சீவல். நீளமாக, சுருண்டு, புதிதாக. அன்று காலையில் இருந்து அந்த மெஷினில் யாரும் எதையும் இழைக்கவில்லை.

தம்பி அதைத் தொட்டுவிட்டுக் கையை எடுத்துக்கொண்டான்.

"சூடா இருக்குண்ணே."

நான் பையைத் தொட்டுப் பார்த்தேன். மூன்று பியூஸ் கட்டையும் இருந்தன. பெல்ட் ஆணியில் தொங்கியது.

3:32.

"பூட்டியாச்சா?"

இப்போது தட்டிக்குப் பின்னால் இல்லை. மெஷினுக்கு அந்தப் பக்கம். நாங்கள் நின்ற இடத்தில் இருந்து நாலடி.

அங்கே யாரும் இல்லை.

எனக்குக் கேட்டது தம்பியின் குரல். ஆனால் தம்பி என் முன்னால் நின்றுகொண்டிருந்தான். அவன் வாய் மூடியிருந்தது. அவன் என் வாயைத்தான் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"உங்க குரல்ண்ணே..." என்றான் மெதுவாக.

பிறகு, "விட்டுடலாம்ணே. நாளைக்கு ஆளுங்க வந்ததும் பாத்துக்கலாம்" என்றான்.

இந்த இடத்தில் நடந்ததை நான் மறைக்கப் போவதில்லை. போகலாம் என்று சொன்னவன் அவன். இருக்கலாம் என்று சொன்னவன் நான்.

"நாளைக்கு ஆளுங்க வந்து, பெரியவரும் சின்னவரும் பட்டப்பகல்ல பயந்து ஓடிட்டாங்கன்னு சொல்லணுமா? மேல அப்பா பேரு தொங்குது. எடுடா கத்தியை."

அவன் எடுத்தான். என் பேச்சை அவன் தட்டியதில்லை.

3:45. மூன்றாவது கத்தி. இந்த முறை அளவை அவன் பார்த்தான். மூன்று மில்லிமீட்டர். போல்ட்டுகளை முதலில் விரலால் திருகி நிறுத்தினான். இனி ஸ்பேனர் போட வேண்டியதுதான்.

3:52. பின்கதவு அடித்துக்கொண்டது.

படார்.

காற்று இல்லை.

படார்.

அந்தக் கதவுக்குக் காலையிலேயே தாழ்ப்பாள் போட்டவன் நான்.

"நீ இறுக்கு. நான் அதைப் பாத்துட்டு வரேன்" என்று போனேன். கதவு அகலத் திறந்துகிடந்தது. வெளியே சந்து. காலியாக இருந்தது. இழுத்துச் சாத்தி, தாழ்ப்பாள் போட்டு, பூட்டையும் மாட்டினேன். சாவியைத் திருப்பினேன். கிளிக்.

பின்னால் இருந்து தம்பி கேட்டான்.

"பூட்டியாச்சா?"

"பூட்டியாச்சு" என்றேன்.

கதவைச் சொன்னேன்.

அடுத்த நொடி...

மோட்டார் சத்தம் இல்லை. அதை அழுத்திச் சொல்கிறேன். மோட்டார் ஓடவில்லை. கத்தி காற்றைக் கிழிக்கும் சத்தம் மட்டும். ஊய்ய்ய்ங் என்று.

அதற்கு மேல் என் தம்பியின் அலறல்.

ஓடினேன்.

நான் போய்ச் சேர்வதற்குள் உருளை நின்றுவிட்டது. மெல்ல மெல்ல ஓய்ந்து நிற்கவில்லை. சட்டென்று, யாரோ பிடித்து நிறுத்தியதுபோல்.

மணி 3:58.

தம்பி கீழே உட்கார்ந்திருந்தான். வலது கையில் இரண்டு விரல் இல்லை.

பெல்ட் ஆணியில் தொங்கியது.

என் பையில் மூன்று பியூஸ் கட்டை.

ஆஸ்பத்திரியில் அவன் மனைவி ஓடி வந்தாள். பின்னாலேயே அவள் அண்ணன். அவர் தம்பியின் கையைப் பார்க்கவில்லை. குனிந்து சட்டையை முகர்ந்தார்.

"என்ன மாப்பிள்ளை, பதினோரு வருஷ விரதம் இன்னிக்கு முடிஞ்சுதா?"

"அது பாலிஷ் ஸ்பிரிட்" என்றேன்.

"எந்த ஸ்பிரிட்டா இருந்தா என்ன பெரியவரே? தலைக்கு ஏறினா ஒண்ணுதானே."

அவர் சட்டையைப் பிடித்திருப்பேன். தம்பி இடது கையால் என்னைத் தடுத்தான். அந்த நிலையிலும்.

ஆபரேஷன் முடிந்து கண் விழித்ததும் தம்பி ஒன்று கேட்டான்.

"அண்ணே, நீங்க எங்க நின்னீங்க?"

"பின்கதவுகிட்ட."

"பூட்டியாச்சான்னு நீங்க என் காதுகிட்ட வந்து கேட்டீங்க. மூச்சு காதுல பட்டுது. நான் திரும்புறதுக்குள்ள, பூட்டியாச்சுன்னு பின்கதவுகிட்ட இருந்தும் நீங்களே சொல்றீங்க. ரெண்டும் உங்க குரல்தாண்ணே..."

அவன் மனைவி இதைக் கேட்டுக்கொண்டுதான் நின்றாள். அவள் முகம் மாறியது எனக்குத் தெரிந்தது. அவள் நினைத்தது வேறு.

இரவு டாக்டர் என்னைக் கூப்பிட்டு ஒரு சின்ன பாட்டிலைக் கொடுத்தார். உள்ளே இரண்டு விரல் அகலத்தில் ஓர் இரும்புத் துண்டு.

"உள்ளங்கையில பாய்ஞ்சிருந்தது. கத்தி உடைஞ்சிருக்கு" என்றார்.

திங்கள் காலை ஏழு மணிக்கு நான் தனியாகப் போய் மெஷினைப் பார்த்தேன். மூன்று கத்தியும் உருளையில் இருந்தன. முழுசாக. ஒரு சில்லுகூடப் பெயரவில்லை. பதினைந்து போல்ட்டும் இறுகியிருந்தன. தம்பி விரலால் மட்டும் திருகிவைத்த கடைசி ஐந்தும்கூட. ஸ்பேனர் போட்டு என் பலம் முழுவதையும் காட்டினேன். ஒன்றும் அசையவில்லை.

பாட்டிலில் இருந்த துண்டு பழைய இரும்பு. துருப்பிடித்து, மண் நிறத்தில் இருந்தது.

அந்த வாரமே தம்பி மனைவி பிள்ளைகளை அழைத்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். நான் போய்க் கூப்பிட்டேன். என் வாழ்க்கையில் யார் வீட்டு வாசலிலும் அப்படி நின்றதில்லை.

"மாமா, நீங்களும் அவருக்கு வக்காலத்து வாங்காதீங்க. பேய் வந்து கேட்டுச்சாம். குடிச்ச காலத்துலகூட அவரு இவ்வளவு பெரிய கதை சொன்னதில்ல" என்றாள்.

அவள் அண்ணன் உள்ளே இருந்து சிரித்தார்.

குடிகாரன் என்றால்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். பொய்யன் என்றும் ஆக்கிவிட்டார்கள். அவன் சொன்னது உண்மை என்று சாட்சி சொல்ல ஓர் ஆள் வேண்டும் எனக்கு. மெஷினை விற்றவரைத் தேடிப் போனேன்.

என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர். வாசலில் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். வணக்கம்கூடச் சொல்லவில்லை.

"கத்தி மாத்துனீங்களா?" என்றார்.



"என் தம்பிக்கு ரெண்டு விரல் போச்சு."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். "பதில் சொன்னது யாரு?"

"நான்."

பிறகு சொன்னார். அவர் பட்டறையில் மெஷின்காரர் ஒருவர் இருந்தார். ஒரு நாள் முதலாளியான இவரே கத்தி மாற்றிக்கொண்டிருந்தார். மூன்றாவது கத்தியை விரலால் மட்டும் திருகிவைத்திருந்த நேரத்தில் பின்கதவைப் பூட்டப் போனார்.

"அவன் உள்ள இருந்து, பூட்டியாச்சான்னு கேட்டான். பூட்டியாச்சுன்னு சொன்னேன். அவன் கத்தியைக் கேட்டான். நான் கதவைச் சொன்னேன். அவன் சுவிட்சைப் போட்டான்."

"அதுக்கப்புறம்?"

"அன்னிக்கே போயிட்டான். அதுக்கப்புறம் கத்தி மாத்துற அன்னிக்கெல்லாம் கேப்பான். பதினாறு வருஷம். வேற யாரையும் விடமாட்டேன், நானேதான் மாத்துவேன். ஊமை மாதிரி மாத்துவேன். என் சம்சாரம் குரல்ல கேப்பான், செத்துப்போன எங்கம்மா குரல்ல கேப்பான். வாயே திறக்கமாட்டேன்."

"இதைச் சொல்லாம எங்க தலையில கட்டிட்டீங்களே!"

"வாயைத் திறக்காம கத்தி மாத்துங்கன்னு சொன்னா நீங்க சிரிச்சிருப்பீங்க பெரியவரே."

அவரை அடிக்கத்தான் தோன்றியது. ஆனால் எனக்கு அவர் தேவைப்பட்டார்.

"என்கிட்ட சொன்னதை அப்படியே வந்து என் தம்பி சம்சாரத்துகிட்ட சொல்லணும். அவ அண்ணன் முன்னாடி சொல்லணும். இன்னிக்கே."

"வரேன்" என்றார். சட்டையை எடுக்க எழுந்தார்.

அவள் நம்புவதற்கு இதுவும் உதவும் என்று நினைத்து, அந்த பாட்டிலை எடுத்து மேசைமேல் வைத்தேன். "தம்பி உள்ளங்கையில இருந்து எடுத்தாங்க. எங்க கத்தி மூணும் முழுசா இருக்கு. இது எதுன்னு தெரியல."

அவர் பாட்டிலைத் திறந்து துண்டை வெளியே கொட்டினார். கட்டைவிரலால் துருவைத் துடைத்தார். அடியில் உளியால் குத்திய ஓர் எண் தெரிந்தது. மூன்று. கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடம் வலம் மாறியிருந்தது.

சட்டையைப் போடாமலே உட்கார்ந்துவிட்டார்.

"இது அவன் குத்துனது. மூணை எப்பவும் திருப்பித்தான் குத்துவான்."

"அப்ப அன்னிக்குப் பறந்த கத்தியா?"

"அதான்."

"மெஷினுக்குள்ள எங்கேயாவது சிக்கி இருந்திருக்கும்" என்றேன். எனக்கு அப்படி ஒரு பதில் தேவையாக இருந்தது.

அவர் இல்லை என்று தலையை ஆட்டினார்.

"கத்தி ரெண்டா உடைஞ்சுது. ஒரு துண்டு சுவத்துல பாய்ஞ்சிருந்துச்சு. அதைப் புடுங்கி ஆத்துல எறிஞ்சேன். அது நீளத் துண்டு. இந்தச் சின்னத் துண்டு அவன் நெஞ்செலும்புல மாட்டிக்கிச்சு. எடுக்க முடியலன்னு டாக்டரு சொல்லிட்டாரு. அதோடதான் புதைச்சோம்."

துண்டை என் பக்கம் தள்ளினார்.

"நானும் மண்ணு போட்டேன்" என்றார்.